ஏரிக்கரை ஓட்டப்பாதையில் பறவைகள், அன்றும் இன்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக்கரை, நெல்வயல், பனை வரிசை, ஒரு பெரிய தரிசு, மறுபடியும் ஏரிக்கரை. வாரத்தில் நாலு நாள் நான் ஓடும் எட்டு கிலோமீட்டர் இதுதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்த ஊரை எடுத்தாலும் ஊருக்கு வெளியே கிட்டத்தட்ட இப்படி ஒரு சுற்று இருக்கும். பதினோரு வருடமாக ஓடுகிறேன். முதல் இரண்டு வருடம் மூச்சையும் கடிகாரத்தையும் தவிர எதையும் கவனிக்கவில்லை, அப்புறம்தான் பறவைகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கூட ஓடுகிறவர்கள், வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்கிறவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் என எல்லாரும் கேட்பது திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டபடியே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

ஓடிக்கிட்டே எப்படிங்க பறவை பார்க்கறது? நின்னாதானே தெரியும்?

ஓட்டத்தில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை அதிகம். செம்போத்து "ஊப் ஊப்" என்று அடித்தொண்டையில் கூப்பிடுவதையும், குக்குறுவான் பாத்திரம் தட்டுவது மாதிரி "டொக் டொக்" என்று விடாமல் அடிப்பதையும் ஒரு வாரம் கவனித்துக் கேட்டால் போதும், அப்புறம் மறக்காது. அதனால் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். மண் பாதையில் பின்னால் வரும் டிராக்டருக்காகவும் காது திறந்திருப்பது நல்லது.

இன்னொன்று, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ஆளைப் பறவைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வரப்பில் நிற்கும் மடையான், பத்தடி தள்ளி நான் கடந்து போகும்போது கழுத்தைக்கூட அசைக்காது, நான் நின்று அதன் பக்கம் திரும்பிய நொடியில் பறந்துவிடும். பக்கவாட்டில் போகிற ஆளை அது பொறுத்துக்கொள்ளும், தன்னை நோக்கி வருகிற ஆளைத்தான் பொறுக்காது. நான் ஏழு கிலோமீட்டரை ஓடிவிட்டுக் கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்து முடிப்பேன். உடம்பு ஆறுவதற்கும் அது வேண்டும், உற்றுப் பார்ப்பதற்கும் அது வேண்டும்.

எந்த நேரத்துல போனா நிறையப் பார்க்கலாம்?

விடிவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து, விடிந்து ஒன்றரை மணி நேரம் வரை. முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் கரிச்சான்தான், இரட்டைவால் குருவி என்று நாம் சொல்வோமே, அதுதான். நன்றாக இருட்டாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடும். அதற்கும் முன்னால் நெற்றி விளக்கோடு ஓடுகிறவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. மண் பாதையின் நடுவில் தரையோடு தரையாக இரண்டு சிவப்புப் பொறிகள் தெரியும். அது பக்கி, இரவில் திரியும் பறவை. விளக்கு வெளிச்சம் அதன் கண்ணில் பட்டுத் திரும்புகிறது. மூன்று நாலு அடி நெருங்கும்வரை உட்கார்ந்திருக்கும், அப்புறம் சத்தமே இல்லாமல் எழும்பிப் பாதையோடு முன்னால் போய் மறுபடி உட்காரும். அதனால்தான் வண்டிச் சக்கரத்தில் அதிகமாக அடிபட்டுச் சாகிறது.

மாலை ஓட்டக்காரர்களுக்குக் கொக்கும் மைனாவும் கிளியும் கூட்டம் கூட்டமாக அடையப் போவது கிடைக்கும். அதுவும் அழகுதான். காலையில் கிடைக்கும் வகை அதில் வராது.

நான் புதுசு. முதல்ல எதையெல்லாம் கத்துக்கணும்?

ஐம்பது பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். மின்கம்பியில் உட்காருவது யார், தரையில் நடப்பது யார், தண்ணீர் ஓரத்தில் நிற்பது யார் என்று இடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பியில் கரிச்சான், பச்சைப் பஞ்சுருட்டான், வெண்மார்பு மீன்கொத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் பனங்காடை. தரையில் மைனா, கொண்டலாத்தி, ஏழெட்டாகச் சேர்ந்து சண்டை போடுவதுபோலக் கத்தும் தவிட்டுக்குருவி. தண்ணீர் ஓரத்தில் மடையான், கானாங்கோழி, நெட்டைக்கால் உள்ளான். இந்தப் பத்துப் பெயரும் கண்ணுக்குப் பழகிவிட்டால், பதினோராவது புதிதாக வரும்போது "இது நம்ம ஆள் இல்லையே" என்று தானாகவே தோன்றும்.

பெயர் ஊருக்கு ஊர் மாறும், அதற்காகக் குழம்ப வேண்டாம். கரிச்சானைக் கரிக்குருவி என்பார்கள், வலியன் என்பார்கள். செம்போத்தைச் செண்பகம் என்பார்கள். உங்கள் ஊரில் என்ன பெயரோ அதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பெயர்களும் பறவைகளைப் போலவே குறைந்துகொண்டு வருகின்றன.

வெள்ளையா இருக்கறது எல்லாம் கொக்குதானே, அதுல என்ன வித்தியாசம்?

மாட்டுக்குப் பின்னாலும் டிராக்டருக்குப் பின்னாலும் நடப்பது உண்ணிக்கொக்கு. அலகு மஞ்சள், கழுத்து குட்டை. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். கறுப்பு அலகும் கறுப்புக் காலும், தூக்கும்போது மட்டும் மஞ்சளாகத் தெரியும் பாதமும் இருந்தால் அது சின்னக்கொக்கு. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நெட்டையாக, கழுத்தில் ஒரு முறிவு விழுந்த மாதிரி நின்றால் பெரிய கொக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடுத்தரக்கொக்குதான். மடையான் உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், பறந்தால் திடீரென்று வெள்ளை. முதல்முறை பார்க்கிறவர்கள் வேறு பறவை என்றே நினைப்பார்கள்.

உண்ணிக்கொக்கு ஏன் கலப்பைக்குப் பின்னால் போகிறது என்றால், மண் புரளும்போது வெளியே வரும் புழுவும் பூச்சியும்தான் காரணம். ஏர் மாடு போய் டிராக்டர் வந்தும் அது பின்னால் போவதை விடவில்லை. கிராமத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு சுலபமாகத் தாண்டிய பறவைகள் குறைவு.

ஏரிக்கரையில ஒரு பறவை என் தலைக்கு மேலேயே கத்திக்கிட்டுத் துரத்துதே, கொத்திடுமா?

ஆட்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை இருக்கும், கால் மஞ்சள். கொத்தாது. ஆனால் அது அப்படிக் கத்துகிறது என்றால் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று எதுவும் கட்டாது, வெறும் தரையில் லேசான குழி, சுற்றிச் சில கூழாங்கல், நடுவில் பெரும்பாலும் நாலு முட்டை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஏப்ரலில் கரையின் சரளைப் பகுதியில் நின்று ஷூ கயிறு கட்டினேன். குனிந்த இடத்தில், ஷூ முனைக்கு ஒரு சாண் தூரத்தில், நாலும் கூர்முனை உள்பக்கமாகச் சேர்ந்து கிடந்தன. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. தாய் பத்தடி தள்ளி ஓடுவதும் கத்துவதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து அந்த இடத்தில் கரையை விட்டுக் கீழே இறங்கி ஓடினேன். அடைகாக்க நாலு வாரம் ஆகும். வெயில் கொளுத்தும்போது தாய் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். பொரித்த குஞ்சு அன்றைக்கே எழுந்து நடக்கும்.

அதனால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆட்காட்டி கத்தினால் நிற்காமல் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது.

சிட்டுக்குருவி அழிஞ்சதுக்குச் செல்போன் டவர்தானே காரணம்?

எல்லாரும் சொல்வது அதுதான், ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முதலில், சிட்டுக்குருவி அழியவில்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை கிட்டத்தட்ட நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. என் பாதையில் இருக்கும் இரண்டு கிராமங்களிலும் குருவி இருக்கிறது. டவரும் இருக்கிறது.

குருவிக்கு மூன்று வேண்டும்: கூடு வைக்கச் சுவரிலோ கூரையிலோ ஒரு பொந்து, இறைந்து கிடக்கும் தானியம், குஞ்சுக்குப் புழு பூச்சி. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குருவிக் குஞ்சு தானியம் தின்று வளர்வதில்லை, முதல் நாட்களில் அதற்குப் பூச்சிதான் உணவு. ஓட்டு வீடு கான்கிரீட் ஆனது, முற்றத்தில் புடைப்பதும் உலர்த்துவதும் நின்றது, வீட்டைச் சுற்றி இருந்த வேலியும் செடியும் போனது. அட்டைப் பெட்டிக் கூடு மாட்டுகிறவர்கள் நல்ல மனதோடுதான் மாட்டுகிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் நாலு புதர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குக் குடி வராது.

குருவி குறைஞ்சா மயில் மட்டும் எப்படி இவ்வளவு ஆச்சு? எங்க அப்பா சின்ன வயசுல மயிலையே பார்த்ததில்லையாம்.

உங்கள் அப்பா சொல்வது சரிதான். பல மாவட்டங்களில் மயில் என்றால் குன்றும் கோயில் காடும்தான், வயலில் மேய்வது சமீபத்திய காட்சி. மயில் 1963இல் தேசியப் பறவையானது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சபட்சப் பாதுகாப்புக் கொடுத்தது, வேட்டை குறைந்தது. முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி நம் ஊர்ப்பக்கம் அருகிப்போனது. சீமைக்கருவேலம் பரவி ஒளிவதற்கு இடம் கொடுத்தது. மயில் எதையும் தின்னும், தானியம், பூச்சி, ஓணான், குட்டிப் பாம்பு எல்லாம்.

இது பாதுகாப்பின் வெற்றி என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. விதைத்த நிலக்கடலையைக் கிளறிப்போட்ட மயிலைப் பார்த்து நிற்கும் விவசாயியின் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு இழப்பீடு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் விஷம் வைப்பது நிற்காது. வைக்கும் விஷம் மயிலோடும் நிற்காது, கௌதாரியும் புறாவும் சேர்ந்து சாகும்.

வானத்துல வட்டம் போடறது கழுகுதானே?

நம் பக்கம் தொண்ணூறு சதவீதம் பருந்து. வாலின் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக, வால் வளைவாக இருந்தால் செம்பருந்து, கருடன் என்று கும்பிடுவார்களே அதுதான். புறா அளவில், மரத்துக்குள்ளேயே புகுந்து தவிட்டுக்குருவிகளைக் கத்தவிடுவது வல்லூறு.

கழுகு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கு வைத்திருக்கிறோம், உயிருள்ள இரையைப் பிடிக்கும் கழுகுக்கும் செத்ததைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுக்கும். இரண்டாவதைப் பாறு என்று சொல்வது தெளிவு. அடுத்த பதிலில் அப்படியே எழுதுகிறேன்.

மாடு செத்தா முப்பது நாப்பது வந்து இறங்கும்னு தாத்தா சொல்வார். அந்தப் பாறு எல்லாம் எங்க போச்சு?

செத்துவிட்டன. இதில் காரணம் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அந்த மாடு செத்தபின் சதையில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் உயிர் போகும். 2004இல் இது ஆய்வில் நிரூபணமானது. நூறு சடலத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே ஒரு கூட்டத்தைச் சரிக்கப் போதும், ஏனென்றால் ஒரே சடலத்தில் கூட்டமாகத் தின்பதுதான் அவற்றின் வழக்கம். 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருடத்தில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. முதிர ஐந்து வருடம் ஆகும், வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை, இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போய்விடுகிறது என்று 2015இல் ஊசி மருந்துக் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாயின. இன்று தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்குதான். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்கு வந்து உணவு வாங்கிப்போன மஞ்சள்முகப் பாறுகளும் இப்போது வருவதில்லை. மாடு வைத்திருக்கிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் கேளுங்கள், அது பாறுக்குக் கெடுதல் செய்யாத மருந்து.

பனைமரத்துக்கும் பறவைக்கும் அப்படி என்ன சம்பந்தம்? நீங்க பனையைப் பத்தியே பேசறீங்க.

பனை உழவாரன் என்று ஒரு பறவை இருக்கிறது. கைக்குள் அடங்கும், அரிவாள் மாதிரி இறக்கை. தன் எச்சிலைப் பசையாக்கி, தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகும் பஞ்சும் ஒட்டி, அதில் முட்டையையும் ஒட்டி வைக்கும். தரையில் உட்காராது, கிளையில் உட்காராது, பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும். நம் சமவெளியில் பனை இல்லாத இடத்தில் இதைத் தேடுவது வீண்.

அப்புறம் மொட்டைப்பனை. ஓலை எல்லாம் விழுந்து தூணாக நிற்கிற செத்த பனையை எல்லாரும் "எதுக்கு நிக்குது" என்று வெட்டிவிடுகிறார்கள். பச்சைக்கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் பனங்காடைக்கும் அதுதான் பிரசவ அறை. பெயரிலேயே பனையை வைத்திருக்கும் பனங்காடை, மொட்டைப்பனை உச்சிப் பொந்தில்தான் விரும்பிக் குஞ்சு பொரிக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கும், எழும்பினால் இறக்கையில் இரண்டு நீலம் மாறி மாறி அடிக்கும். என் பாதையில் ரோட்டுக்காக ஒரே வாரத்தில் பதினான்கு பனை போனது, மூன்று அதில் மொட்டை. அந்தப் பக்கத்துக் கம்பியில் நான் பனங்காடை பார்த்து ஐந்து வருடம் ஆகிறது.

தூக்கணாங்குருவி கூட்டுக்குள்ள மின்மினிப்பூச்சியை ஒட்டி விளக்கு வைக்குமாமே, நிஜமா?

களிமண் ஒட்டுவது நிஜம், விளக்கு கதை. கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போல இருக்கும் கட்டத்தில் ஆண் குருவி உள்பக்கம் ஈர மண்ணைத் தடவி வைக்கும். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க என்று ஒரு கருத்து உண்டு. அந்தக் கட்டத்தில்தான் பெட்டை வந்து உட்கார்ந்து பார்க்கும், பிடித்தால் மிச்சம் கட்டப்படும், பிடிக்காவிட்டால் அப்படியே விடப்படும். பாதிக் கூடுகள் நிறையத் தொங்குவதற்குக் காரணம் அதுதான்.

மழைக்காலத்தில் நெல் வளர்ந்திருக்கும்போது, கிணற்று மேல் சாய்ந்த மரத்திலும் பனையிலும் முள் மரத்திலும் பாருங்கள். ஓலை நாரைக் கிழிக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

வேடந்தாங்கல் பறவை எல்லாம் வெளிநாட்டுலேருந்து வந்து குஞ்சு பொரிக்குதுன்னு சொல்றாங்களே?

பாதி தவறு. அங்கே மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. மழையையும் தண்ணீரையும் பார்த்து நாட்டுக்குள் இடம் மாறுகின்றன. வடக்கே இருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை இங்கே குளிர்காலம் கழிக்க மட்டுமே வரும், முட்டையிடுவது திரும்பிப் போனபின் அங்கேதான்.

ஓட்டப்பாதையிலும் விருந்தாளிகள் உண்டு. செப்டம்பர் வாக்கில் மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் மஞ்சள் வாலாட்டி, முள் மரத்தில் பழுப்புக் கீச்சான், சோளக்காட்டில் மேகம் மாதிரி இறங்கும் சூறைக்குருவி. ஏப்ரலுக்குள் எல்லாம் கிளம்பிவிடும். அப்புறம் வேடந்தாங்கல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு 1798இல் ஆங்கிலேய கலெக்டரிடமிருந்தே உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்திலும் ஊரேதான் காவல்.

எங்க ஏரியில தண்ணி நிறைஞ்சு நிக்குது, ஆனா பறவையே இல்லையே?

நிறைந்து நிற்பதுதான் பிரச்சினை. உள்ளான் வகைகளுக்குக் கணுக்கால் தண்ணீர் போதும், நாரைக்கு முழங்கால். வாத்து தலையைக் கவிழ்த்து எட்டும் ஆழத்தில் மேயும். நடு ஆழம் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும்தான். பழைய ஏரி கரையிலிருந்து உள்ளே மெல்ல மெல்லச் சரியும், தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் புதிய சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். தூர்வாருகிறோம் என்று சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, கரையைக் கல் பதித்துவிட்டால் தண்ணீர் கொள்ளளவு கூடும், சேறு போய்விடும். தூர்வாரக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்தையாவது சரிவாக விடச் சொல்லுங்கள், நடுவில் நாலு கருவேல மரம் நிற்கும் திட்டை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் வராது. ஏரி ஓரம் இரவு முழுக்க விளக்கு எரிந்தாலும் குறையும்.

தரிசுல என்ன இருக்கு? சும்மா கிடக்கற நிலத்துல மரம் நட்டா பறவைக்கு நல்லதுதானே?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே இதற்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்வேன். தரிசு சும்மா கிடக்கவில்லை. அதில் காலை ஆறு மணிக்கு வானம்பாடி நேராக மேலே ஏறிப் பாடிவிட்டு இறங்கும், கௌதாரி ஜோடியாகக் கூப்பிடும், நெட்டைக்காலி நடக்கும், குளிர்காலத்தில் பூனைப்பருந்து தரையை உரசுவது போலத் தாழப் பறந்து வேட்டையாடும். மேலே சொன்ன பக்கியும் ஆட்காட்டியும் இங்கேயும் முட்டையிடும். இவை எதற்கும் மரம் வேண்டாம். திறந்த வெளிதான் வேண்டும், தூரத்தில் வரும் எதிரியைப் பார்க்க.

குருவி பற்றிச் சொன்னேனே, அந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2023இல் மறுபடி வந்தபோது 942 இனங்களைப் பரிசீலித்தது. நீண்டகாலப் போக்கு சொல்ல முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன, அதாவது ஐந்தில் மூன்று. இதில் மோசமாகச் சரிந்தவற்றில் புல்வெளியும் திறந்த வெளியும் நம்பி வாழ்பவை முக்கியமானவை. திறந்த வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வறண்ட வெளிகளிலும் இருந்தது, இன்று இங்கே ஒன்றுகூட இல்லை, நாடு முழுக்கவே இருநூறுக்கும் குறைவு. சிட்டுக்குருவிக்கு மார்ச் 20 என்று ஒரு நாளே இருக்கிறது. வானம்பாடி குறைந்தால் கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் அது இருந்த நிலத்துக்கு அரசு ஏட்டிலும் நம் பேச்சிலும் ஒரே பெயர்தான், வீண் நிலம். மரம் நடுகிறவர்கள் சாலையோரத்திலும் ஊருக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் நடட்டும், நானும் குழி தோண்ட வருகிறேன். மேய்ச்சல் தரிசை மட்டும் விட்டுவிடுங்கள்.

முன்னாடி இங்க என்ன பறவை இருந்ததுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அப்ப யாரும் எழுதி வைக்கலையே.

எழுபது வயதைத் தாண்டிய ஆடு மேய்த்தவர்கள், பனை ஏறியவர்கள், வயல் காவலுக்குப் படுத்தவர்கள், இவர்களிடம் உட்காருங்கள். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், கேட்டால் எல்லாம் இருந்தது என்பார்கள். எப்போது கத்தும், எங்கே முட்டையிடும், என்ன தின்னும் என்று கேளுங்கள். என்னிடம் ஒரு பெரியவர், "கூட்டமா வந்து காலையில ஊருணியில தண்ணி குடிச்சிட்டுப் போயிடும், புறா மாதிரி பறக்கும், தரையிலதான் இருக்கும்" என்றார். கல்கௌதாரியை இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. அதை நான் இந்தப் பாதையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஊர்ப் பெயர்களும் பேசும். நாரைக்கிணறு, குருவிகுளம், கூகையூர், கழுகுமலை. ஆதாரம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பெயருக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனாலும் விசாரிக்கத் தூண்டும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன் போன்றவர்களின் பதிவுகளும் கிடைக்கின்றன.

நான் தினமும் அதே மைனாவையும் கொக்கையும் குறிச்சு வைக்கறதால யாருக்கு என்ன லாபம்?

போன பதிலுக்கு முந்தைய பதிலில் சொன்ன அந்த எண்கள் எல்லாம் சுமார் 30,000 பேர் இப்படிக் குறித்ததிலிருந்துதான் வந்தன. அரிய பறவையைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரே பாதையை வருடம் முழுக்க ஒரே நேரத்தில் கடக்கிறவர்கள் குறைவு. ஓடுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கம். பறவைப் பதிவுக்கென்றே இருக்கும் ஈபேர்ட் செயலியில் ஓட்டத்தின் தூரமும் நேரமும் தானாகவே பதியும், பார்த்ததையும் எண்ணிக்கையையும் போட்டால் போதும். குரல் புரியாவிட்டால், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் பதியாதீர்கள். 2015 முதல் பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, தொடங்க அது நல்ல நேரம்.

பார்க்காததையும் எழுதுங்கள். "இன்று பனங்காடை இல்லை" என்று என் நோட்டில் முதலில் எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை.

கூட்டைப் பார்த்தா படம் எடுத்துப் போடலாமா? குஞ்சு கீழே கிடந்தா வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

கூட்டுப் படம் வேண்டாம், இடத்தைச் சொல்லவே வேண்டாம். நீங்கள் விலக்கிய இலை வழியாகக் காக்கையும் பார்க்கும்.

குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது. நாயும் பூனையும் எட்டாத புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்பது தவறு. வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கிளிக்குஞ்சாக இருந்தால் வளர்ப்பது சட்டப்படி குற்றமும்கூட.

சரி, இத்தனை வருஷத்துல உங்க பாதையில நிஜமாவே என்னதான் மாறிச்சு?

வந்தவை: மயில், மாடப்புறா, நெல்வயலில் நத்தைகுத்தி நாரை. முன்பு ஒன்றிரண்டாக இருந்த நாரை இப்போது நாற்று நட்ட வாரத்தில் முப்பது நாற்பது இறங்கும், நத்தையைப் பிடித்து அந்த இடைவெளி விட்ட அலகால் சதையை உருவித் தின்னும். மாறாதவை: கரிச்சான், மடையான், தவிட்டுக்குருவி, செம்போத்து. குறைந்தவை: பனங்காடை, கௌதாரி, பனை உழவாரன், குளிர்காலப் பூனைப்பருந்து. தரிசின் கிழக்குப் பாதியில் வீட்டுமனைக் கற்கள் நட்டாகிவிட்டது, மேற்குப் பாதியில் இன்னும் ஆடு மேய்கிறது. போன வாரம் விடிவதற்கு முன்னால் அந்த மேற்குப் பாதியில்தான் பக்கியின் குரல் கேட்டது, கெட்டியான தரையில் கல்லை எறிந்தால் துள்ளித் துள்ளி வேகம் கூடி நிற்குமே, அதே சத்தம். நான் விளக்கை அணைத்துவிட்டு, அது முடிக்கும்வரை அந்த நூறு மீட்டரை இருட்டிலேயே நடந்தேன்.